யார் சொல்வதை யார் எழுதுவது? இராமேசுவரம் கடலோரத்தில் எழுத்தின் முதல் பாடங்கள்

1. இருபது பேருக்கு ஒரே அம்மா

பாம்பன் பக்கத்துக் கடலோரப் பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தமிழ் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘என் அம்மா’ என்ற தலைப்பில் ஐந்து வரிகள். முதல் வரியில் அம்மாவின் பெயர். அம்மா அன்பானவர், அதிகாலையில் எழுவார், சுவையாகச் சமைப்பார், அம்மாவை எனக்கு மிகவும் பிடிக்கும் என்று மீதி நான்கும். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. ஒரு கொம்போ சுழியோ இரட்டைக் கோட்டைத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் புரட்டினேன். அதே ஐந்து வரிகள், பெயர் மட்டும் வேறு. அந்த வகுப்பில் இருபது பேருக்கும் ஒரே அம்மாதான்.

சத்துணவு நேரத்தில் அதே சிறுமி தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவள் அம்மா கடலில் பாசி எடுக்கிறவர். பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகப் பழந்துணியைச் சுற்றிக்கொள்வார். சேலைக்கு மேல் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொள்வார். கண்ணாடி மாட்டி மூழ்கி, மூச்சு முட்டும்போது மேலே வந்து, மறுபடி மூழ்குவார். அமாவாசையை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் விடியுமுன்பே கிளம்பிவிடுவார். திரும்பி வந்து துணியை அவிழ்த்தால் விரலெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். அந்தக் கையோடு சோறு பிசைந்தால் எரியும் என்பதால் அன்றைக்குச் சோறு பிசைந்து கொடுப்பது இவள்தான். பத்து நிமிடம் ஓடியது. ஒரு சொல்லுக்கும் அவள் தடுமாறவில்லை. சொன்னதில் வரிசை இருந்தது, காரணம் இருந்தது, கேட்பவருக்கு எது புதிது என்ற கணிப்பு இருந்தது. நல்ல கட்டுரைக்கு வேண்டியவையும் இவைதாம். நோட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? பேச்சில் இவ்வளவு வல்லமையுள்ள குழந்தை எழுத உட்கார்ந்ததும் ஏன் தன் சொல்லைத் தொலைத்துவிடுகிறாள்? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது ஒன்றே. விடையை அவளுடைய திறமையிலோ வீட்டின் வறுமையிலோ தேடுவதைவிட, எழுத்தென்று நாம் அவளுக்குத் தந்த முதல் பாடங்களில் தேடுவதே நியாயம் என்பது என் கருத்து.

2. எழுத்து என்ற ஒரு சொல்

தமிழில் எழுத்து என்ற ஒரே சொல் மூன்று பொருள்களைத் தாங்குகிறது. ‘அ’ ஓர் எழுத்து. ஒருவரின் கையெழுத்து திருத்தமாக இருந்தால் ‘நல்ல எழுத்து’ என்கிறோம். ஒருவர் எழுதும் கதைகளையும் ‘நல்ல எழுத்து’ என்றே பாராட்டுகிறோம். மொழியின் இந்தச் சிக்கனம் அழகானதுதான். ஆனால் வகுப்பறையில் இது ஒரு மயக்கத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. முதல் பொருள் கைவந்தால் இரண்டாவது வரும், இரண்டாவது வந்தால் மூன்றாவது தானே வரும் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் நம்பிவிட்டோம்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இந்த 247 வடிவங்களையும் குழந்தையின் கையில் ஏற்றுவது பெரிய வேலை. அகர வரிசைப்படி தொடங்குவதா, ட, ப, ம என்று வடிவம் எளியவற்றிலிருந்து தொடங்குவதா என்ற விவாதம் பலகாலமாக நடக்கிறது. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களை மாற்றிக் குழந்தைகளின் சுமையைக் கொஞ்சம் குறைத்தது. எல்லாம் தேவையான பேச்சே. ஆனால் எல்லாமே கையைப் பற்றிய பேச்சு. சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி, பள்ளிகள் எழுத்துகளை வரையக் கற்றுக்கொடுத்துவிட்டு எழுத்துமொழியைக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிடுகின்றன என்று குறைபட்டார். குழந்தையின் சைகை, விளையாட்டு, கிறுக்கல், ஓவியம் என்று எழுத்துக்கு ஒரு நீண்ட முற்கதை இருப்பதாக அவர் கண்டார். அந்த முற்கதையை நம் முதல் வகுப்பு முதல் நாளிலேயே துண்டித்துவிடுகிறது.

3. திண்ணையில் இருந்ததும் இல்லாததும்

பழைய முறை இதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். சான்றுகள் அவ்வளவு எளிதாக ஒரு பக்கம் சாயவில்லை.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் எழுதினான். எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் மணலைக் கீறுவான். பிறகு ஓலையும் எழுத்தாணியும். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இந்தப் பள்ளிகளின் அன்றாடத்தையும், சட்டாம்பிள்ளையின் ஆட்சியையும், மனப்பாடத்தின் கடுமையையும் நேரில் கண்டவர் வாக்காகப் பதிவு செய்திருக்கிறது. சென்னை எழும்பூரில் 1789 முதல் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். உதவி ஆசிரியர் ஒத்துவராதபோது எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துவரை போனது. மணலின் சிறப்பு என்னவென்றால் அதில் தப்பு நிற்காது. கையால் தடவினால் போதும், மறுபடி எழுதலாம். சிவப்பு மையால் சுழித்த நோட்டில் குழந்தைக்கு இல்லாத சுதந்திரம் இது.

இந்த விவாதத்துக்கு இதைவிட முக்கியமான சான்று, பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை. ஆளுநர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணம் முழுவதும் கல்வி நிலையைக் கேட்டெழுதச் சொன்னபோது வந்த பதில்களில் அது ஒன்று. தரம்பால் 1983இல் வெளியிட்ட தொகுப்பு நூலால் பரவலாக அறியப்பட்டது. தெலுங்கும் கன்னடமும் வழங்கும் பகுதியின் அறிக்கை என்றாலும், அது விவரிக்கும் பள்ளி தமிழ்த் திண்ணைக்கு மிக நெருக்கமானது. அதில் இரண்டு செய்திகள் அருகருகே உள்ளன. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் செய்யுள்கள் பேச்சுமொழிக்கு எட்டாத நடையில் இருப்பதால், பொருள் தெரியாமல் கிளிபோல ஒப்பிக்கிறார்கள் என்பது ஒன்று. ஆசிரியர் பல இடங்களிலிருந்து திரட்டி வந்த, பல கைகளில் எழுதப்பட்ட கடிதங்களைப் படிக்கவும், சாதாரணக் கடிதம் எழுதவும், ஒப்பந்தம் வரையவும் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள் என்பது மற்றொன்று.

முதல் செய்தியைத்தான் எல்லாரும் எடுத்தாள்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. திண்ணையில் எழுத்துக்கு ஒரு முகவரி இருந்தது. எழுதியது யாருக்கோ போய்ச் சேர்ந்தது; ஏதோ ஒரு கடனை முடித்தது, ஏதோ ஒரு நிலத்தைக் கைமாற்றியது. இன்றைய நோட்டில் உள்ள ‘என் அம்மா’ ஆசிரியரின் கையொப்பத்தைத் தவிர வேறெங்கும் போய்ச்சேர்வதில்லை.

திண்ணையைப் போற்றிப் பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே மீனவர் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது அரிது. மன்றோவுக்கு வந்த கணக்குகளில் பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. பனை செழித்த இராமநாதபுரத்துச் சீமையில் ஓலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மரத்தில் ஏறி ஓலையை வெட்டியவரின் பிள்ளை அந்த ஓலையில் எழுதியதில்லை. 1785இல் சுவார்ட்ஸ் பாதிரியார் இராமநாதபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். அதன் பிறகும் கடலோரக் குப்பங்களுக்குப் பள்ளி வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

4. கீழக்கரை காட்டும் வழி

இதே கடலோரத்தில் வேறொரு மரபும் வளர்ந்தது. கீழக்கரை முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ் அல்லது அர்வி என்று அதற்குப் பெயர். தமிழின் ஒலிகளுக்கு அரபு எழுத்துகள் போதாதபோது புள்ளிகளைக் கூட்டிப் புது வடிவங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இந்த எழுத்தில் நூல்களை எழுதினார். குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்ற பெண்கள், தங்கள் வாயில் ஏற்கெனவே இருந்த தமிழை அந்த எழுத்தில் படித்தார்கள், எழுதினார்கள். தமிழ் எழுத்தைப் பள்ளியில் கற்க வழியில்லாத வீட்டுப் பெண்களும் எழுத்துலகில் நுழைந்தது இப்படித்தான்.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் செய்தி எளிமையானது. எழுத்து வடிவம் வெளியிலிருந்து வரலாம்; எழுதப்படும் பேச்சு வீட்டிலிருந்து வந்தால் கற்பது வேகமாக நடக்கும். இன்று நம் பள்ளியில் வடிவம், பேச்சு இரண்டுமே வெளியிலிருந்து வருகின்றன.

5. அளவுகோல் தொடாத இடம்

தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த முயற்சிகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகள், ஏணிப்படி, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்நிலைக் கரும்பலகை, குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஒன்றாம் வகுப்புக் குழந்தை தான் வரைந்ததைத் தலைக்கு மேலே தொங்கக் கண்டது நம் பள்ளி வரலாற்றில் சின்ன விஷயம் அல்ல. நாளடைவில் பந்தல் வெறுங்கம்பியாகிப்போன வகுப்பறைகளையும் பார்த்திருக்கிறேன்.

பெருந்தொற்றுக் காலத்து இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் இயக்கம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்து, எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் கிடைக்கச் செய்வது அதன் இலக்கு. வகுப்பில் பின்தங்கிய குழந்தையை அதன் நிலையிலேயே சந்திப்பது என்ற எண்ணம் உயர்வானது. ஆனால் பயிற்சி நூலின் பக்கங்களைப் பார்த்தால் எழுத்து பெரும்பாலும் கோடிட்ட இடத்தை நிரப்புவதும், படத்துக்குப் பெயர் எழுதுவதும், சொல்லைப் பார்த்தெழுதுவதுமாகவே நிற்கிறது. குழந்தை ஒரு வாக்கியத்தைத் தானாகத் தொடங்க வேண்டிய வெற்றிடம் குறைவு.

இதற்குத் திட்டம் வகுத்தவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அளப்பதைத்தான் எந்த அமைப்பும் வளர்க்கும். நாடு முழுவதும் பேசப்படும் ‘ஏசர்’ கணக்கெடுப்பு, வீடு வீடாகப் போய் 5 முதல் 16 வயதுவரையுள்ள குழந்தைகளிடம் எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிக்கச் சொல்கிறது; கணக்குப் போடச் சொல்கிறது. அது வழக்கமாக அளப்பது வாசிப்பையும் கணக்கையுமே. தன் மனத்தில் உள்ள ஒன்றைக் குழந்தையால் எழுதிக்காட்ட முடிகிறதா என்பதற்கு அதில் இடமில்லை. 2018இல் நிதி ஆயோக் பட்டியலிட்ட முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் சேர்க்கப்பட்டன. அதன்பின் இந்த மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி எண்கள் பெருகியிருக்கின்றன. எண்ணுக்குள் அடங்காத திறன் என்பதால் எழுத்து ஓரத்தில் நிற்கிறது.

அரசு 2022இல் தொடங்கிய ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும், நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்த வாசிப்பு இயக்கச் சிறுநூல்களும் இதற்கு நல்ல மாற்று. அச்சில் தன் பெயரைப் பார்க்கும் குழந்தைக்கு எழுத்தின் முகவரி கிடைத்துவிடுகிறது. ஆனால் ‘ஊஞ்சல்’ நான்காம் வகுப்பிலிருந்துதான். அதற்குள் ஐந்து வரி அம்மா கைக்கு ஏறிவிடுகிறாள்.

அந்த ஐந்து வரி அங்கேயே நிற்பதும் இல்லை. முன்னுரை, குறிப்புச் சட்டகம், முடிவுரை என்று வளர்ந்து, பத்தாம் வகுப்பில் வழிகாட்டி நூலிலிருந்து மனப்பாடம் செய்த கட்டுரையாகப் பொதுத்தேர்வுத் தாளில் இறங்குகிறது. பத்து ஆண்டு தமிழில் எழுதிய பிள்ளை இருக்கும் வீட்டிலும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்க வேண்டிய மனுவுக்காக அம்மா கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதுபவருக்குக் காசு கொடுக்கிறார். படகு பிடிபட்டுப் புருஷன் இலங்கைச் சிறையில் இருக்கிற வீடுகள் உள்ள கரை இது. மனு எழுதத் தெரிவது இங்கே வயிற்றுப் பிரச்சினை.

6. பெண்கடலும் பாக் நீரிணையும்

சார்லஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய பிறகு, பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே பெரும் பிளவு கொண்ட மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகத் தமிழ் தொடர்ந்து பேசப்பட்டு வருகிறது. எல்லாத் தமிழ்க் குழந்தைக்கும் இந்தப் பிளவு உண்டு. கடலோரக் குழந்தைக்குப் பிளவு இன்னும் அகலம்.

இராமேசுவரத் தீவின் வடக்கே உள்ள கடலைப் பாடநூல் பாக் நீரிணை என்கிறது, தெற்கே உள்ளதை மன்னார் வளைகுடா என்கிறது. கரையில் அது பெண்கடல், இது ஆண்கடல். அமைதியானது அது, முரட்டுத்தனமானது இது. இந்த இரண்டு சொற்களில் ஆழம், அலை, காற்றுக்காலம், எந்தப் படகு எங்கே போகும் என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது. நீரோட்டத்துக்கு நீவாடு. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோளகம். காலையில் அப்பா வாசலில் நின்று எந்தக் காற்று என்று முகத்தில் வாங்கிச் சொல்வதை ஆறு வயதுப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறது.

இப்போது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைத் திறந்தால், காற்றே பேசுவதாக அமைந்த ஓர் உரைநடைப் பாடம் இருக்கிறது. கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று திசைவாரியாகக் காற்றின் பெயர்களை அது சொல்கிறது. அருமையான பாடம். நான்கில் இரண்டு பெயர், வாடையும் கொண்டலும், இந்தக் கரையில் இன்றும் புழங்குகின்றன. இலக்கியத் தமிழென்று பதினைந்து வயதில் மனப்பாடம் செய்வதை இந்தப் பிள்ளைகள் ஆறு வயதில் வாயில் வைத்திருந்தார்கள். இடைப்பட்ட ஒன்பது ஆண்டில் அந்தச் சொற்களை ஒருமுறையாவது அவர்கள் நோட்டில் எழுத நாம் கேட்டோமா?

இலக்கணத்திலும் இதே கதை. தென்மாவட்டப் பேச்சில் “அம்மா போகுது”, “அக்கா வருது” என்பது இயல்பு. உயர்திணை, அஃறிணை என்று பார்த்தால் பிழை. வீட்டில் அது நெருக்கத்தின் அடையாளம். “அம்மா செல்கிறார்” என்று எழுதும் குழந்தை இலக்கணத்தை மட்டும் மாற்றவில்லை, அம்மாவை ஓர் அடி தள்ளி நிற்க வைக்கிறது. மண்டபம் முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழ்க் குழந்தைகளுக்கோ பேசுவதே ‘கதைப்பது’. ஒரே பெஞ்சில் இத்தனை தமிழ்.

2016 முதல் பாம்பனில் ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி இந்தப் பேச்சை வெட்கப்படாமல் காற்றில் ஏற்றியது. மீனவர்கள் தங்கள் மொழியிலேயே கடலைப் பற்றிப் பேசினார்கள். ஊரே காது கொடுத்தது. வானொலியில் ஏறிய பேச்சுக்குக் கரும்பலகையில் மட்டும் இடமில்லாமல் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

7. இரண்டு மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டு மேலே போக முடியாது.

கையெழுத்துப் பயிற்சியை இழிவாகப் பேசக் கூடாது என்பது முதல் மறுப்பு. அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாமும் உடனாய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, எழுதத் திணறிய முதல் வகுப்புக் குழந்தைகளுக்குக் கூடுதலாகக் கையெழுத்துப் பயிற்சி தந்தபோது அவர்கள் சொந்தமாக எழுதும் திறனும் கூடியதைக் காட்டியது. காரணம் புரியக்கூடியதே. ‘ழ’வை எப்படி வளைப்பது என்று கை திணறும்போது மனம் அடுத்த வாக்கியத்தை மறந்துவிடும். கை பழகினால் மனம் விடுதலையாகும். இதை முழுமையாக ஏற்கிறேன். இரட்டைக் கோடு நோட்டைத் தூக்கியெறியச் சொல்பவர்கள் ஏழைக் குழந்தைக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் அந்த ஆய்வு கையெழுத்தை அளவாக, சொந்த எழுத்துக்குத் துணையாக வைத்துப் பார்த்தது. நம்மிடம் துணைக்கு வந்தது வீட்டுக்காரராக உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் லிசா டெல்பிட் 1986இலும் 1988இலும் எழுதிய கட்டுரைகளில், குழந்தையின் மொழியைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அதிகாரத்தின் மொழியைக் கற்றுக்கொடுக்காமல் விடுவது ஏழைக் குழந்தைக்குச் செய்யும் துரோகம் என்று வாதிட்டார். நடுத்தர வர்க்கத்துப் பிள்ளை பொதுமொழியை வீட்டிலேயே பெற்றுவிடும். மற்றவர்களுக்குப் பள்ளியை விட்டால் கதியில்லை. எங்கள் பகுதி ஆசிரியர்கள் இதையே வேறு சொற்களில் சொல்வார்கள்: “இதுகளுக்கு வீட்ல யாரு சார் நல்ல தமிழ் பேசுறா? இங்கயும் விட்டுட்டா எப்ப எழுதும்?” அக்கறையிலிருந்து பிறக்கும் கேள்வி இது. தேர்வாளர் “பாசிக்குப் போகுது” என்பதற்கு மதிப்பெண் போடமாட்டார்.

பொதுத்தமிழ் வேண்டும், கட்டாயம் வேண்டும். எப்போது, எதன்மேல் என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். குழந்தை தான் சொல்ல நினைத்ததை ஒருமுறை எழுத்தில் பார்த்துவிட்ட பிறகு, அதைப் பொதுத்தமிழுக்கு மாற்றுவது அர்த்தமுள்ள வேலை. அங்கே திருத்துவதற்கு ஒரு பொருள் இருக்கிறது. சொல்ல எதுவும் அனுமதிக்காமல் பொதுத்தமிழை மட்டும் தந்தால் கிடைப்பது இருபது பேருக்கு ஒரே அம்மா. டெல்பிட்டும் பிள்ளையின் மொழியை அழிக்கச் சொல்லவில்லை. இரண்டையும் கையாளத் தெரிந்த பிள்ளையைத்தான் அவர் கேட்டார்.

8. பறவைகளைப் பார்க்கப் போன வகுப்பு

இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்த சிவசுப்பிரமணிய ஐயர் நடத்திய பாடத்தை அப்துல் கலாம் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பறவை எப்படிப் பறக்கிறது என்று ஐயர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். புரிந்ததா என்று கேட்டபோது கலாம் புரியவில்லை என்றார். வேறு பல பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஆசிரியர் கோபப்படவில்லை. அன்று மாலை வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போனார். இறக்கை அடிப்பதையும், வால் திருப்புவதையும், திசை மாறுவதையும் காட்டினார். 1931இல் பிறந்த கலாமுக்கு அப்போது பத்து வயது. அந்த மாலைதான் தம் வாழ்க்கைக்கு இலக்கைத் தந்தது என்பார்.

இது அறிவியல் பாடமாகவே நினைக்கப்படுகிறது. நான் இதில் எழுத்துப் பாடத்துக்கான வரிசையைப் பார்க்கிறேன். பலகையில் தோற்றதும் ஆசிரியர் பலகையை இன்னும் அழுத்தி எழுதவில்லை. பார்க்க அழைத்துப் போனார், பார்த்ததைப் பேசவிட்டார். பார்ப்பதும் பேசுவதும் முடிந்த பிறகுதான் எழுத ஏதாவது இருக்கும். கடல் பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்களில் இதற்குச் செலவு ஒரு மாலைப்பொழுதுதான்.

அடுத்த படியை இத்தாலியின் பார்பியானா காட்டுகிறது. மலைக்கிராமத்துப் பாதிரியார் லோரன்சோ மிலானியின் பள்ளியில் படித்த எட்டுச் சிறுவர்கள் 1967இல் சேர்ந்து எழுதிய நூல், ‘எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?’ என்ற பெயரில் தமிழுக்கும் வந்திருக்கிறது. அதன் கோபத்தைப் பற்றி நம்மிடையே நிறையப் பேசியாயிற்று. எழுதிய விதத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம். ஒவ்வொருவனும் சட்டைப்பையில் சிறு நோட்டு வைத்துக்கொள்வான். ஓர் எண்ணம் தோன்றினால் ஒரு தாளில் குறித்துக்கொள்வான். ஒருநாள் எல்லாத் துண்டுகளையும் பெரிய மேசையில் பரப்பி, இரட்டித்ததை நீக்கி, ஒத்தவற்றைக் குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். குவியல்கள் அத்தியாயங்களாகும். பிறகு வாக்கியம் வாக்கியமாக வெட்டுவார்கள். கடைசியில் வெளியாட்களை ஒவ்வொருவராக அழைத்துப் படிக்கச் சொல்வார்கள். அதிகம் படிக்காதவர்களாக இருந்தால் நல்லது. அவர்களுக்கு எந்த இடம் புரியவில்லையோ அந்த இடம் திருத்தப்படும். பள்ளி தோற்றதென்று தள்ளிய பிள்ளைகள் எழுதிய இந்த நூல் பல மொழிகளுக்குப் போனது.

பார்பியானாச் சிறுவர்கள் வயதில் பெரியவர்கள். ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு நியூசிலாந்தின் சில்வியா ஆஷ்டன்-வார்னர் பொருத்தமான வழிகாட்டி. மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த அவர் 1963இல் வெளியிட்ட நூலில், காலையில் ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய ஒரு சொல்லைக் கேட்டு, அட்டையில் பெரிதாக எழுதித் தருவதை விவரிக்கிறார். குழந்தைகள் கேட்டவை அச்சத்தையும் அன்பையும் சுமந்த சொற்கள். மறுநாள் ஒரு குழந்தைக்குத் தன் அட்டை அடையாளம் தெரியாவிட்டால், அந்தச் சொல் அதன் உள்ளேயிருந்து வரவில்லை என்று அட்டையைக் கழித்துவிடுவார். பாம்பன் வகுப்பில் இப்படிக் கேட்டால் முதல் நாளில் வரும் சொற்கள் எவையாக இருக்கும்? புயல், போட்டு, பாசி, நேவி. ‘அணில்’ வருமா என்பது சந்தேகம்.

9. சொல்வதை எழுதுதல்

நம் தொடக்கப் பள்ளிகளில் ‘சொல்வதை எழுதுதல்’ என்று ஒரு பயிற்சி உண்டு. ஆசிரியர் சொல்வார், குழந்தைகள் எழுதுவார்கள், பிழைக்கு வட்டம் விழும். இதை ஒழிக்க வேண்டியதில்லை; வாரத்தில் சில நாள் தலைகீழாக்கினால் போதும். குழந்தை சொல்லட்டும், ஆசிரியர் எழுதட்டும். குழந்தை சொன்ன சொல் மாறாமல், அதன் கண் முன்னால், பலகையில். பிறகு குழந்தை அதைப் படிக்கும், தன்னுடையது என்பதால் எழுத்துக்கூட்டும் வேதனையின்றிப் படிக்கும். பிறகு இரட்டைக் கோடு நோட்டில் பார்த்தெழுதும். கையெழுத்துப் பயிற்சியும் அங்கேயே நடந்துவிடும். அந்த வாரக் கடைசியில் வகுப்பே சேர்ந்து அதைப் பாடநூல் தமிழுக்கு மாற்றிப் பக்கத்தில் எழுதலாம். இடப்பக்கம் நம் பேச்சு, வலப்பக்கம் புத்தகத் தமிழ்.

இதில் இடர்ப்பாடுகள் உண்டு. ஓராசிரியர் மூன்று வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில் ஒவ்வொரு குழந்தையும் சொல்வதை எழுத நேரம் கிடைக்காது. ஒரு நாளைக்கு இருவர் என்று முறை வைத்தால் சில வாரங்களில் ஒரு சுற்று வரும். வட்டாரச் சொல்லை எந்த எழுத்தில் எழுதுவது என்று ஆசிரியரே தயங்குவார். ஆய்வாளர் வந்து பலகையைப் பார்த்தால் என்ன சொல்வாரோ என்ற பயமும் இருக்கும். கடைசிப் பயத்தைத் துறைதான் ஓர் ஆணையால் போக்க வேண்டும்.

நான் முதலில் சொன்ன வகுப்பில் அந்த டீச்சர் ஒருநாள் இதைச் செய்து பார்த்தார். அந்தச் சிறுமியைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அவள் முதல் வாக்கியம் சொன்னாள். டீச்சர் பழக்கத்தில், “என் அம்மா கடலுக்குச் செல்வார்” என்று எழுதினார். சிறுமி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சும்மா நின்றாள். என்ன என்று கேட்டதற்கு, கொஞ்சம் தயங்கி, “நான் அப்புடிச் சொல்லல டீச்சர். கடலுக்குப் போறது அப்பா. அம்மா பாசிக்குப் போகுது” என்றாள். டீச்சர் டஸ்டரை எடுத்து அந்த வரியை அழித்தார். மறுபடி எழுதும்போது ‘பாசி’க்கு முன்னால் ‘கடற்’ போடலாமா என்று அவளிடமே கேட்டார். சிறுமி யோசித்துவிட்டு, வேண்டாம் என்றாள். வகுப்பில் யாரோ, “வெளியூர்க்காரங்களுக்குப் புரியாதுல்ல” என்றார்கள். அதற்குமேல் பத்து நிமிடம் அந்த ஒரு சொல்லைப் பற்றி இருபது பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.